ஏழாம் தெருவில் மட்டும் வெளிச்சம்

மணி இரண்டு பத்து.

"அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடும்" என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

"இன்னும் ரெண்டு மணி அம்பது நிமிஷம் இருக்கு. உக்காந்தே சொல்லலாம்" என்றான் ரேடியோ.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, நினைத்தால் சுற்றும் மின்விசிறி. இதுதான் துப்பறியும் நிலையம். நிலையத்தின் சொந்தக்காரியை ஊரே அண்ணி என்று கூப்பிடும். உதவியாளன் அவள் கணவனின் தம்பி. அவன் நாள் முழுக்க 'அண்ணி, அண்ணி' என்று கத்தியதில் வாடிக்கையாளர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. பதிலுக்கு அவள் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தாள். அணைக்கிற பொத்தான் மட்டும் கிடையாது.

வந்தவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் சீருடையில் இருந்தாள். காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். கணவர் நகராட்சியில் எலக்ட்ரீசியன். ஊர் அவரை லைட்டுக்காரர் என்றே சொல்லும்.

"கரண்ட் பில்லைக் குறைக்கறோம்னு மூணு வாரமா ராத்திரி பன்னெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் தெரு லைட்டை அணைக்கிறாங்க இல்ல? ஊர்ல முப்பத்தி ரெண்டு தெரு. முப்பத்தி ஒண்ணு இருட்டு. ஏழாம் தெருவுல மட்டும் பன்னெண்டரைக்குப் பளிச்சுன்னு எரியுதாம். சுவிட்ச் பெட்டிச் சாவி இவர் இடுப்புல இருக்கு. அதனால அந்தத் தெருக்காரங்ககிட்ட இவர் கை நீட்டிட்டார்னு முடிவே பண்ணிட்டாங்க."

"நீட்டினாரா?" என்றாள் அண்ணி.

"எனக்குத் தெரியாமலா? சம்பளக் கவர்ல இருந்து ஒரு டீக்கு எடுத்தாக்கூட மூஞ்சில தெரிஞ்சிடும் அந்த மனுஷனுக்கு."

"நல்ல மூஞ்சி. நம்ம தொழிலுக்கு ஆகாது" என்றான் ரேடியோ.

அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து வைத்தாள். இன்று மாலை ஐந்து மணிக்கு நகர்மன்றக் கூட்டம். அதில் வேலைநீக்க உத்தரவு. காரணமாக ஒரு மொட்டைக் கடிதத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது.

அண்ணி படித்தாள்.

'ஏழாம் தெருவில் 7/1 முதல் 7/9 வரையிலான ஒன்பது கம்பங்களும் நள்ளிரவு 12.30 முதல் 2.30 வரை எரிகின்றன. பலமுறை தெரிவித்தும் நடவடிக்கை இல்லை. உடனே விசாரிக்கவும். இப்படிக்கு, பொதுநலம் விரும்பி.'

அண்ணியின் உதட்டோரம் லேசாகக் கோணியது. ரேடியோவுக்கு அந்தக் கோணல் தெரியும். பாதி வழக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"ரேடியோ, நம்ம வாசல் கம்பத்துக்கு என்ன நம்பர்?"

"அதுக்கு நம்பர் வேறயா? எனக்கு என் செருப்பு நம்பரே தெரியாது. அது ஜெராக்ஸ் கடைக் கம்பம்."

"அதேதான். கிளம்பு."

---

ஏழாம் தெரு பத்து நிமிட நடை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரான தெரு. புதிதாகப் போட்ட தார். வேகத்தடை கிடையாது. ஒரு பக்கம் ஒன்பது விளக்குக் கம்பங்கள். எதிர்ப்பக்கம் வீடுகள், வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள்.

தெரு தொடங்கும் இடத்தில் சுவிட்ச் பெட்டி. அதன் முன்னால் லைட்டுக்காரர், பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி நாளாக இருந்தாலும் தூசி இருக்கக்கூடாது என்று நினைக்கிற ஜாதி. மனைவியைப் பார்த்ததும் முகம் ஃபியூஸ் போனதுபோல ஆயிற்று.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"உங்களைக் காப்பாத்த ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன். இவங்கதான் அண்ணி."

அண்ணி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அந்த லெட்டரை எழுதினது நீங்கதானே?"

லைட்டுக்காரரின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"என்னங்க உளர்றாங்க இவங்க?" என்றாள் மனைவி. லைட்டுக்காரர் முகத்தை மறைக்கத் துணியை எடுக்கிற சாக்கில் குனிந்தார். அவருக்கு அந்த முகம் இருக்கிறதே.

"நான் பதினாலு வருஷம் பஸ் கம்பெனியில தொலைஞ்ச சாமான் பிரிவுல இருந்தேன்" என்றாள் அண்ணி. "பெட்டியைத் தொலைச்சவங்க 'என் பச்சைப் பெட்டி, கைப்பிடி பிஞ்சது'ம்பாங்க. பெட்டியில ஒட்டின சீட்டு நம்பரைச் சொல்லிக் கேட்டா அது எங்க ஸ்டாஃப்தான். தெருவுல குடியிருக்கிறவன் 'பல் டாக்டர் வீட்டு லைட்டு'ன்னு எழுதுவான். 7/4ன்னு எழுத மாட்டான்."

ரேடியோ அதற்குள் நான்காவது கம்பத்துக்குப் போய் நகத்தால் சுரண்ட ஆரம்பித்திருந்தான். மூட்டுவலி நிவாரணம், வாடகைக்கு வீடு, கணக்கு டியூஷன். மூன்று நோட்டீஸைக் கிழித்த பிறகுதான் வெள்ளை எழுத்து தெரிந்தது.

"7/4 இருக்கு அண்ணி. மூணு வருஷமா யாரும் பாக்கல போல."

லைட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"மூணு ரிப்போர்ட் எழுதினேம்மா. தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு, யாரோ பெட்டியைத் திறக்கறாங்கன்னு. மூணும் இன்ஜினியர் மேசையில டீ கிளாஸுக்கு அடியில கிடக்கு. வெறுத்துப்போய்க் கையெழுத்து இல்லாம ஒண்ணு எழுதினேன். ரெண்டே நாள்ல விசாரணை வந்துடுச்சு."

"உங்க மேல நீங்களே மொட்டைக் கடுதாசி போட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

"என் மேல எங்க போட்டேன்? லைட்டு மேல போட்டேன். அவங்கதான் லைட்டுக்குக் கீழ யார் நிக்கறான்னு பார்த்தாங்க."

"அண்ணே, உங்களை மாதிரி ஊருக்கு நாலு பேர் இருந்தா எங்க தொழில் அமோகமா நடக்கும்" என்றான் ரேடியோ.

"நீங்களே காவல் இருந்து பிடிச்சிருக்கலாமே?" என்றாள் அண்ணி.

"இருந்தேன். லீவு நாளாப் பார்த்து நாலு ராத்திரி. லைட்டே எரியல."

"என்ன கிழமை?"

"சனி, ஞாயிறு. மறுவாரமும் சனி, ஞாயிறு."

"சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு ஆபீஸ் சாவிப் பலகையில தொங்குது. அங்க நூறு சாவி தொங்குது, யார் வேணும்னாலும் எடுக்கலாம்."

அண்ணி அதைக் கேட்டும் கேட்காததுபோல முதல் கம்பத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் உயரத்தில் கீறல்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வான நீலப் பெயிண்ட். எல்லாமே தெருமுனையைப் பார்த்த பக்கத்தில்.

"எண்ணு."

ரேடியோ கம்பம் கம்பமாக எண்ணிக்கொண்டே போனான்.

"முதல்ல பதினொண்ணு. அடுத்தது எட்டு. அப்புறம் ஆறு. கடைசிக் கம்பத்துல ஒண்ணே ஒண்ணு, அதுவும் புதுசு. நம்ம ஆளு போகப் போகத் தேறிட்டு வர்றாரு அண்ணி. என் படிப்பு இதுக்கு நேர் எதிர்."

"வண்டி ஓட்டக் கத்துக்கறாங்க" என்றாள் அண்ணி. "அதான் நேரான தெரு, புதுத் தார், ஊர் தூங்குற நேரம். ஆனா இருட்டுல கத்துக்க முடியாதே. அதுக்குத்தான் லைட்டு."

"திரும்பி வர்றப்போ கம்பம் வலது பக்கம் வருமே. அந்தப் பக்கம் கீறலே இல்லையே?"

அண்ணி எதிர்ப்பக்கப் பூந்தொட்டிகளைப் பார்த்தாள்.

---

பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வாசலுக்கு வந்தார். உள்ளே ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

"தொட்டியா? நாலு தடவை உடைஞ்சுது" என்றார், குரலைத் தணித்து. "ஆனா காலைல பார்த்தா அதே இடத்துல புதுத் தொட்டி. செடியோட. என் தொட்டியைவிட நல்ல தொட்டி."

"புகார் கொடுக்கலையா?"

"எதுக்கு? இப்போ நான் ஓட்டைத் தொட்டியாப் பார்த்து வெளியில வெக்கறேன். பக்கத்து வீட்டுக்காரர் அவங்க மாமியார் வீட்டுல இருந்தெல்லாம் கொண்டாந்து வெச்சிருக்கார்."

"ராத்திரி சத்தம் கேட்டிருக்குமே?"

"இன்ஜின் சத்தமே இல்ல. தொட்டி உடையற சத்தம் கேக்கும். 'ஐயோ'ன்னு ஒரு பொம்பளைக் குரல். அப்புறம் ஒரு ஆம்பளை 'அருமைம்மா, அருமை'ம்பான். தொட்டி உடைஞ்சதுக்கு யாராவது அருமைன்னு சொல்வாங்களா?"

"ஜன்னலைத் திறந்து பாக்கல?"

"திறந்தா பயந்துபோய் லைட்டை நிறுத்திட்டா? நஷ்டம் எங்க தெருவுக்குத்தானே." டாக்டர் உள்ளே திரும்பி, "அப்படியே திறந்து வைங்க, வந்துட்டேன்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி புதுத் தொட்டி ஒன்றை லேசாகச் சாய்த்தாள். அடியில் வெள்ளைப் பெயிண்டில் 'பூங்கா 212'.

"இது நம்ம நகராட்சிப் பூங்காத் தொட்டி" என்றார் லைட்டுக்காரர். "கணக்குக்காக அடியில நம்பர் போடுவாங்க."

"பாருங்க. போகும்போது இடது பக்கம் கம்பம், அதுல மோதறாங்க. வரும்போது இடது பக்கம் தொட்டி, அதுல மோதறாங்க. வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்ல" என்றாள் அண்ணி.

"வலதுன்னு ஒரு பக்கம் இருக்கிறதே தெரியாத ஆளு" என்றான் ரேடியோ. "அண்ணி, நகராட்சிச் சாவி, நகராட்சித் தொட்டி, சத்தம் போடாத நீல வண்டி. அதாவது பேட்டரி ஸ்கூட்டர்."

சொல்லிவிட்டு அவன் வாயைத் திறந்தபடியே நின்றான். உள்ளே இருந்த நோயாளிக்கும் அவனுக்கும் அந்த நிமிடம் வித்தியாசமில்லை.

"அண்ணி, ரெண்டு மூணு வாரம் முன்னாடி வந்த பேப்பர்."

"எனக்கும் ஞாபகம் வந்துடுச்சு. மூடு, ஈ போயிடப் போகுது."

---

மணி மூன்று ஐம்பது. நகராட்சி அலுவலகத்தின் பின்னால் கார் ஷெட்.

வெள்ளைச் சீருடையில் டிரைவர், சேர்மன் அம்மாவின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உறை போட்டு மூடிய ஒரு இருசக்கர வண்டி. சுவரில் பத்திரிகைச் செய்தி ஒன்று ஒட்டியிருந்தது.

ரேடியோ அதைச் சத்தமாகப் படித்தான். "'தெருவிளக்குச் செலவைக் குறைத்த சேர்மன் அடுத்த அதிரடி. வரும் ஒன்றாம் தேதி முதல் காரை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வருவார். உறுப்பினர்களும் அடுத்த மாதம் முதல் பின்பற்றுவதாகக் கைதட்டி ஒப்புதல்.' போட்டோவுல அம்மா ஸ்கூட்டர் பக்கத்துல நிக்கறாங்க பாருங்க. ஏறி உக்காரல."

"உக்காரத் தெரிஞ்சிருந்தா உக்காந்திருப்பாங்க" என்றாள் அண்ணி மெதுவாக.

"யாருங்க நீங்க? அதைத் தொடாதீங்க" என்றார் டிரைவர்.

ரேடியோ ஏற்கெனவே உறையைத் தூக்கியிருந்தான். வான நீல ஸ்கூட்டர். வலது பக்கம் கடையில் இருப்பதுபோலப் பளபளத்தது. இடது பக்கம் கண்ணாடி இல்லை, பெயிண்ட் இல்லை, ஒரு இடத்தில் ரோஜா இலை ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது.

"ஒண்ணாம் தேதிதானே முதல் பயணம்? மீட்டர் அறுபத்தி நாலு கிலோமீட்டர் காட்டுதே" என்றாள் அண்ணி.

"கடையில இருந்து ஓட்டிட்டு வந்தது."

"கடை எங்க?"

டிரைவர் தயங்கினார். "எதிர்ல."

"ஊரைச் சுத்தி வந்திருப்பார். பாவம், பார்க்கிங் கிடைச்சிருக்காது" என்றான் ரேடியோ.

டிரைவர் காரைத் துடைக்கத் திரும்பிவிட்டார். அண்ணி அவரைத் துருவவில்லை. வேறு எதையோ கேட்டாள்.

"எத்தனை வருஷமா இந்த கார் ஓட்டறீங்க?"

"பத்தொன்பது வருஷம். நாலு சேர்மன். ஒரு கீறல் கிடையாது, பாருங்க."

"ஒண்ணாம் தேதிக்கு அப்புறம்?"

டிரைவர் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அண்ணியின் உதட்டோரம் இரண்டாவது முறையாகக் கோணியது. ஷெட்டிலிருந்து வெளியே வந்ததும் ரேடியோ கேட்டான்.

"ஆள்தான் கிடைச்சாச்சே அண்ணி, இன்னும் எதுக்கு இந்தக் கோணல்?"

"தொட்டி உடைஞ்சதுக்கு ஏன் அருமைன்னு சொன்னாங்கன்னு உனக்குப் புரியலையா?"

"புரியல."

"நல்லது. கொஞ்ச நேரம் அமைதியா வருவே."

---

சேர்மன் அம்மாவைப் பார்க்க நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள். உள்ளே நுழைந்தபோது மணி நான்கு முப்பத்தைந்து.

பெரிய மேசை. மேசைக்குப் பின்னால் அதைவிடக் கம்பீரமாக சேர்மன் அம்மா. இடது முழங்கையில் பிளாஸ்டர். முன்னால் லைட்டுக்காரரின் வேலைநீக்க உத்தரவு, கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்றார், யாரும் கேட்காமலே.

"ஏழாம் தெருவுல பாத்ரூம் இருக்கா என்ன?" என்றான் ரேடியோ.

பிளாஸ்டர் சேலைத் தலைப்புக்குள் மறைந்தது. பிறகு சேர்மன் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கம்பம், தொட்டி, மீட்டர். சனி ஞாயிறு மட்டும் லைட் எரியாதது" என்றாள் அண்ணி.

"வெளியூர்ல வேலை பாக்கற உங்க வீட்டுக்காரர் அன்னைக்குத்தான் வருவார். ஊருக்கே தெரியும்" என்றான் ரேடியோ. ஊருக்கே தெரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அவன்தான்.

சேர்மன் அம்மா நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"கூட்டத்துல எல்லாரும் கைதட்டினாங்க. அந்த வேகத்துல ஸ்கூட்டர்ல வர்றேன்னு சொல்லிட்டேன். சைக்கிள்கூட ஓட்டினதில்ல நான். பகல்ல கத்துக்கிட்டா ஊரே வேடிக்கை பாக்கும். டிரைவர்தான் ராத்திரி வந்து சொல்லிக்கொடுத்தார். இப்படி ஒரு லெட்டர் வரும்னு யார் கண்டா?"

"அதுக்கு அந்த மனுஷன் வேலை போகணுமா?"

"இன்னும் ஒரே வாரம். ஓட்டக் கத்துக்கிட்டதும் ஏதாவது காரணம் சொல்லித் திரும்ப எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

"அந்த ஒரு வாரம் அவர் ஊர்ல திருடன்னு நடமாடணும். அது போகட்டும். ஒரு வாரத்துல உங்களுக்கு வண்டி வராது. வலது பக்கம் எப்போ திருப்பப் போறீங்க?"

"அது கடைசிப் பாடம்னு சொன்னாரே. தெருக்கோடியில அவரேதான் வண்டியைத் திருப்பி வெப்பார். இடது நல்லாப் படிஞ்சா வலது தானா வந்துடுமாம்."

ரேடியோவுக்கு இருமல் வந்தது. அண்ணி அவன் காலை மிதித்துவிட்டு, "டிரைவரைக் கூப்பிடுங்க" என்றாள்.

டிரைவர் வந்து நின்றார். மேசை மேல் இருந்த உத்தரவைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"முதல் நாளே அம்மா ரெண்டு பக்கமும் திருப்பிட்டாங்க" என்றார். "அன்னைக்கே ஸ்பேனரை எடுத்துட்டேன்."

"என்னது?" என்றார் சேர்மன் அம்மா.

"நாலே நாள்ல கத்துக்கிட்டிருப்பீங்கம்மா. நான்தான் சீட்டை ரெண்டு விரல் ஒசத்தி வெச்சேன், கால் எட்டாம. நல்லா ஓட்டினா தப்புன்னேன். விழுந்தா அருமைன்னேன். வலது பக்கம் திருப்பினா பெல்ட் அறுந்துடும்னேன்."

"பேட்டரி வண்டிக்கு அந்த பெல்ட் எங்க இருக்குன்னு நானும் பாக்கணும்" என்றான் ரேடியோ.

"உடைஞ்ச தொட்டிக்கெல்லாம் நான்தாம்மா பூங்காவுல இருந்து மாத்து வெச்சேன்."

"ஏன்யா?" சேர்மன் அம்மாவின் குரலில் கோபத்தைவிட வியப்பு அதிகமாக இருந்தது. "நீ சொன்னதை நம்பி இருபது தடவை விழுந்தேனே."

"காரை நிறுத்தறேன்னு பேப்பர்ல போட்டீங்கம்மா. காருக்குள்ள ஒருத்தன் இருக்கான்னு யாருக்கும் ஞாபகம் வரல."

வெளியே கூட்டத்துக்கான மணி அடித்தது.

சேர்மன் அம்மா உத்தரவைக் கையில் எடுத்தார். "தண்ணி லாரிக்கு டிரைவர் இடம் காலி இருக்கு. உனக்குத்தான் யோசிச்சு வெச்சிருந்தேன். சொல்லத்தான் மறந்துட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் கத்துக்கொடுத்திருப்பேனே" என்றார் டிரைவர்.

---

மணி ஐந்து. கூட்ட அரங்கின் கடைசி வரிசையில் லைட்டுக்காரரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இடுப்புச் சாவியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், கேட்டதும் கொடுத்துவிடலாம் என்று. அண்ணியும் ரேடியோவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மனைவி கேட்டாள்.

"என்ன ஆச்சுங்க?"

"தெரியாது. அவங்க கையில இருக்கு" என்றாள் அண்ணி. அவள் உதடு இப்போது நேராக இருந்தது. அதுதான் ரேடியோவுக்குப் பயமாக இருந்தது.

முன்வரிசையில் எதிர்க்கட்சி மீசைக்காரர் பதினொரு பக்க உரையோடு தயாராக இருந்தார். சேர்மன் அம்மா எழுந்தார். கையில் உத்தரவு. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் தெரு லைட்டைப் போட்டது எலக்ட்ரீசியன் இல்லை" என்றார். "நான். ஸ்கூட்டர் கத்துக்கிட்டேன். இன்னும் வரல."

உத்தரவை நான்காகக் கிழித்து மேசை மேல் வைத்தார்.

லைட்டுக்காரரின் மடியிலிருந்து சாவி நழுவித் தரையில் விழுந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. எல்லார் கண்ணும் மீசைக்காரரிடம் போயிற்று. அவர் பதினொரு பக்கத்தையும் கையில் பிடித்தபடி எழுந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கொஞ்சம்கூடவா வரல?"

"இடது பக்கம் வருது."

"எனக்கு எந்தப் பக்கமும் வராது" என்றார் மீசைக்காரர். "அடுத்த மாசம் நாங்களும் ஸ்கூட்டர்ல வரணும்னு நீங்க சொன்னப்போ கைதட்டிட்டேன். அன்னையில இருந்து தூக்கம் இல்ல."

மூன்றாவது வரிசையில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. பிறகு இன்னொன்று. எண்ணிப் பார்த்ததில் உறுப்பினர்கள் இருபத்தி நான்கு பேரில் பதினாறு பேருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கைதட்ட மட்டும் தெரிந்திருந்தது.

அரை மணி நேரத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நகராட்சி இத்தனை வேகமாக வேலை செய்து அந்த ஊர் பார்த்ததில்லை. உறுப்பினர்களுக்கு ஏழாம் தெருவில் ஓட்டுநர் பயிற்சி. பயிற்சியாளர், சேர்மனின் டிரைவர். பொதுமக்கள் கண்ணில் படாதிருக்க நேரம் நள்ளிரவு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. அந்த நேரத்தில் விளக்குகளை நேரில் இருந்து போட்டு அணைக்க வேண்டியது எலக்ட்ரீசியனின் பொறுப்பு.

உத்தரவு சுடச்சுட டைப் ஆகி வெளியே வந்தது. எந்த விளக்கை எரித்ததற்காக வேலை போக இருந்ததோ, அதே விளக்கை எரிக்கச் சொல்லி லைட்டுக்காரருக்கு எழுத்துப்பூர்வ ஆணை. தாழ்வாரத்தில் நின்று அவர் அதை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"வேலை இருக்கு" என்று மனைவியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். முதல் வரியில் முகம் மலர்ந்தது. கடைசி வரியில் சுருங்கியது.

"ராத்திரி ரெண்டரை வரைக்குமா?"

"ஆமா. வாரத்துல அஞ்சு நாள்."

"அப்போ நாலரைக்கு நீங்க எப்படி எழுந்திரிப்பீங்க? காலை ஷிப்டுக்கு நான் எப்படிப் போறது? மூணு வாரமா நீங்கதானே டார்ச்சைப் பிடிச்சுட்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல விடறீங்க?"

லைட்டுக்காரர் விழித்தார். அண்ணி ரேடியோவைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் செருப்பு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மெம்பருங்க விழுந்து எழறதுக்கு வெளிச்சம் இருக்கு. நான் நடந்து போறதுக்கு இல்லையா?" அவள் கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். "நாலரைக்கு எங்க தெருவுலயும் லைட் எரியணும்னு இதுல ஒரு வரி சேக்கச் சொல்றேன். சேக்காம நான் வெளியில வரப்போறதில்ல."

ஆணையைக் கையில் சுருட்டிக்கொண்டு, மூடியிருந்த கூட்ட அரங்கை நோக்கி நடந்தாள். நடை என்று சொல்ல முடியாது.

"அண்ணி, இப்போ என்ன பண்றது?" என்றார் லைட்டுக்காரர், பயந்துபோய்.

"ஓடிப்போய்க் கதவைத் திறந்து விடுங்க" என்றாள் அண்ணி. "இல்லேன்னா நகராட்சிக்கு இன்னொரு செலவு."